அறுபதுகளின் மலிவு ஜப்பான் எலெக்ட்ரிக் கிட்டார்: பிரித்து, துடைத்து, வாசிக்க வைக்கும் வரை

1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்ததை அமெரிக்காவில் ஏழு கோடிக்கும் அதிகமானவர்கள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு பையன்கள் எலெக்ட்ரிக் கிட்டார் கேட்டு நச்சரிக்க ஆரம்பித்தார்கள். ஃபெண்டர், கிப்சன் மாதிரிப் பெரிய கம்பெனிக் கிட்டார்கள் எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா? அந்தச் சந்தையில் புகுந்தவர்கள்தான் ஜப்பான்காரர்கள். டெய்ஸ்கோ, குயடோன், கவாய் என்று ஆளாளுக்குச் செய்து குவித்தார்கள். டெய்ஸ்கோ 1946-இல் டோக்கியோவில் தொடங்கியது. அமெரிக்காவில் ‘டெய்ஸ்கோ டெல் ரே’ என்ற பெயரில் விற்றது. 1967-இல் கவாய் அதை வாங்கிவிட்டது. ஒரே கிட்டார் கடைக்குக் கடை வேறு வேறு பெயர் ஒட்டி விற்கப்பட்டதும் உண்டு. அதனால் தலையில் இருக்கும் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இந்தக் கிட்டார்கள் இன்றும் கிடைக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர்கள் கராஜ் சேலில் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் இருப்பவர்களுக்கு ஹார்ட் ஆஃப் என்ற பழைய பொருள் கடைகளின் ‘ஜங்க்’ மூலை தெரிந்திருக்கும். கோடு போட்ட உலோக பிக்கார்டு (உடலின் முன்பக்கத்தில் திருகிய தகடு), வரிசையாக வெள்ளை ராக்கர் சுவிட்சுகள், தங்கத் தாள் ஒட்டியது போன்ற பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தமும் சுருளும்), கையில் பிடித்தால் தடிமனான நெக் (கழுத்து). இந்த நாலும் இருந்தால் அநேகமாக அந்தக் குடும்பம்தான்.

என் அனுபவத்தில் இவற்றின் நோய்களில் முக்கால்வாசி இணைப்புகளில்தான் இருக்கிறது: நெக்கும் உடலும் சேரும் இடம், சுவிட்சின் தொடுமுனை, ஜாக், சால்டர் புள்ளிகள். மரமும் பிக்கப்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் எல்லாரும் முதலில் பாலிஷ் டப்பாவைத்தான் திறக்கிறார்கள். பாலிஷுக்கு அவசரமே இல்லை.

பிரிக்கும் முன் இரண்டு சோதனை

முதலாவது நெக். கிட்டாரின் அடிப்பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பிரிட்ஜிலிருந்து (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகம்) தலையை நோக்கி ஃபிரெட்போர்டின் இரு ஓரங்களையும் பாருங்கள். (ஃபிரெட்போர்டு என்பது விரலால் தந்தியை அழுத்தும் பலகை, அதில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட்.) இரண்டும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் வழி உண்டு. ஒரு ஓரம் நேராகவும் இன்னொன்று வளைந்தும் தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வாங்கும் முன் இதைப் பார்த்தால் பேசாமல் வைத்துவிட்டு வாருங்கள். முறுக்கைச் சரிசெய்ய ஆகும் செலவில் நேரான நெக்குடன் இன்னொரு கிட்டாரே வாங்கிவிடலாம்.

பின்னால் நெக் தகட்டையும் பாருங்கள். ‘ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்’ என்று பொறித்திருந்தால் பெருமைப்பட ஒன்றும் இல்லை. உள்ளே ஒரு இரும்புச் சட்டம் இருக்கிறது, அதைத் திருகிச் சரிசெய்ய முடியாது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். தலையிலோ நெக் அடியிலோ திருகும் நட் கண்ணில் பட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம், உள்ளே இருக்கும் ராடைத் திருகி நெக் வளைவைச் சரிசெய்யலாம்.

இரண்டாவது பிக்கப். கிட்டார் கேபிளை ஜாக்கில் செருகி, மறுமுனையின் நுனியிலும் தண்டிலும் மல்டிமீட்டரை வைத்து மின்தடையை ஓம் அளவில் பாருங்கள். வால்யூமை முழுதாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு பிக்கப்பாகத் தனித்தனியே போடுங்கள். 4 முதல் 10 கிலோ ஓமுக்குள் ஏதாவது காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. இரண்டு பிக்கப்பும் ஒன்றாகப் போட்டிருந்தால் அளவு பாதியாகத் தெரியும், பதற வேண்டாம். எதுவுமே காட்டவில்லை என்றாலும் உடனே பிக்கப் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். பத்தில் ஏழெட்டுத் தடவை துருப்பிடித்த சுவிட்சோ ஜாக்கோதான் காரணமாக இருக்கும்.

கிட்டாரோடு பழைய ஆம்ப் ஒன்றும் சேர்ந்து வந்திருந்தால் அதை மின்சாரத்தில் செருகாதீர்கள். அறுபதுகளின் சில மலிவு வால்வு ஆம்ப்களில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வீட்டு மின்சாரம் நேராக ஆம்பின் உடலுக்கு வர வாய்ப்புண்டு, அங்கிருந்து கேபிள் வழியாக உங்கள் கையில் இருக்கும் தந்திகளுக்கும் வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டன்சர்களில் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அது வால்வு ஆம்ப் தெரிந்த மெக்கானிக்கின் வேலை. சோதனைக்கு இன்றைய சின்ன ஆம்ப் ஒன்று போதும்.

பிரித்தல்

எதையும் தொடும் முன் நாலா பக்கமும் போட்டோ எடுங்கள். பிக்கார்டைத் தூக்கியதும் உள் வயரிங்கை இன்னும் கிட்டத்தில், எந்த நிற வயர் எங்கே போகிறது என்று தெரியும்படி எடுங்கள். ஒரு அட்டையில் கிட்டாரின் உருவத்தை வரைந்து, கழற்றிய திருகை அதன் இடத்திலேயே குத்தி வையுங்கள். பிக்கார்டு திருகுகள் பார்க்க ஒன்று போல இருந்தாலும் நீளம் மாறும். நீளமானதைத் தவறான இடத்தில் முறுக்கினால் மரம் பிளக்கும்.

இன்னொரு விஷயம், பலர் கவனிப்பதில்லை. இவை ஜப்பான் தரத் திருகுகள். பார்க்க ஸ்டார் திருகு போலத்தான் இருக்கும். ஆனால் சாதாரண ஸ்டார் திருப்புளியின் முனை அதன் குழியில் முழுதாக உட்காராது, அழுத்தித் திருகினால் வழுக்கித் தலையை மொழுக்கிவிடும். ஜேஐஎஸ் திருப்புளி என்று கேட்டு வாங்குங்கள். ஜப்பான் பைக் ரிப்பேர் செய்பவர்களிடம் இருக்கும். துருவில் இறுகிய திருகின் தலையில் சூடான சால்டரிங் அயர்ன் முனையை அரை நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம், அப்புறம் கழற்றும் பக்கம் என்று முயலுங்கள். சூட்டில் உலோகம் விரிந்து மரத்தோடு இருந்த பிடி விட்டுவிடும்.

தந்திகளை வெட்டி எறியாமல் ஆறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ட்ரெமலோ (சுருதியை ஆட்டும் கைப்பிடி) இருந்தால் அதன் ஸ்பிரிங் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். துள்ளி ஓடும் ஸ்பிரிங்குக்கு மாற்று கிடைப்பது கஷ்டம்.

அழுக்கு எடுப்பது

பூஞ்சை வாடை அடித்தால் முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்துத் தூசி தட்டுங்கள். உடலுக்கு, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். உடனே காய்ந்த துணி. பெரும்பாலான அழுக்கு இதிலேயே போய்விடும். விடாத பிசுக்கு, ஸ்டிக்கர் பசை, சிகரெட் கறைக்கு லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தா. யார் கண்ணிலும் படாத ஓரத்தில் சோதித்துவிட்டுப் பூசுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ வேண்டாம். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டையும் கிட்டவே விடாதீர்கள். பூச்சையும் ஃபிரெட்போர்டின் பிளாஸ்டிக் முத்துப் பதிப்பையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

பளபளப்பு போன இடத்துக்கு, கார்களுக்குப் போடும் மென்மையான ரப்பிங் காம்பவுண்டு கொஞ்சம் போதும். சிலிக்கான் கலந்த பாலிஷ் வேண்டாம். பின்னால் எங்காவது பூச்சு ஒட்டவைக்க வேண்டி வந்தால் ஒட்டாது. மறுபடி பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதை மறந்துவிடுங்கள் என்பது என் கட்சி. அந்த சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி ஓரம் கறுக்கும் வண்ணப்பூச்சு) கறுத்து, விரிசல் விட்டு இருப்பதுதான் அதன் வயது. அடித்துவிட்டால் பார்க்கவும் மலிவு, விற்கவும் மலிவு.

ஃபிரெட்போர்டு பெரும்பாலும் ரோஸ்வுட். ஐம்பது வருட விரல் அழுக்கு ஃபிரெட் ஓரத்தில் கறுப்பாக உறைந்திருக்கும். பழைய கிரெடிட் கார்டை முக்கோணமாக வெட்டி அதைச் சுரண்டுங்கள், பிறகு நாஃப்தா தொட்ட பல்துலக்கும் பிரஷ். மிக நைசான இரும்புக் கம்பளி, அதாவது நாலு பூஜ்யம் போட்டது, நன்றாக வேலை செய்யும். ஆனால் நெக்கைக் கழற்றி வேறு அறைக்குக் கொண்டுபோய்த் தேயுங்கள். உதிரும் இரும்புத் தூளைப் பிக்கப் காந்தம் இழுத்துக்கொண்டால் எடுக்கவே முடியாது. சுத்தமான பிறகு மினரல் ஆயில் நாலைந்து சொட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம். நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும்.

குரோம் பூசிய பாகத்தில் புள்ளிப் புள்ளியாகத் துரு இருந்தால், சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். துரு கறுப்புக் கூழாக வழிந்து வருவதைப் பார்க்கவே சுகமாக இருக்கும். வெறும் இரும்புத் திருகுகளை வினிகரில் ஒரு ராத்திரி போடலாம், பூச்சு உள்ளவற்றைப் போடக்கூடாது. ட்யூனர்களின் (தலையில் தந்தியை முறுக்கும் பாகங்கள்) பல் சக்கரம் திறந்தே இருக்கும். பழைய கிரீஸை நாஃப்தாவில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டால் முக்கால்வாசி சரியாகிவிடும். அதற்காகத் துளையைப் பெரிதாக்கிப் புது ட்யூனர் மாட்ட வேண்டியதில்லை.

வயரிங்

வால்யூமைத் திருப்பினால் கரகரவென்கிறதா? வால்யூம் குமிழோடு சேர்ந்த பாகத்துக்கு ‘பாட்’ (பொட்டென்ஷியோமீட்டர்) என்று பெயர். அதன் பின்புறம், கால்கள் வெளியே வரும் இடத்தில் ஒரு சந்து இருக்கும். காண்டாக்ட் கிளீனரின் மெல்லிய குழாயை அங்கே வைத்து ஒரு பீச்சு பீச்சி, முழுதாக முன்னும் பின்னும் நாற்பது ஐம்பது தடவை திருப்புங்கள். ராக்கர் சுவிட்சுக்கும் அதே மருந்து. சாதாரண டபிள்யூடி-40 அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்து, சில மாதத்தில் கரகரப்பைத் திரும்பக் கொண்டுவரும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போனால் காண்டாக்ட் கிளீனர், மல்டிமீட்டர், சால்டர் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும்.

ஜாக்கின் உள்பக்கத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, வளைந்த நாக்கை லேசாக உள்பக்கம் வளையுங்கள். செருகும்போது ‘டக்’ என்று பிடிக்க வேண்டும்.

அப்புறம் கிரவுண்ட், அதாவது பிரிட்ஜை ஜாக்கோடு இணைக்கும் எர்த் வயர். மல்டிமீட்டரின் ஒரு முனையை பிரிட்ஜிலும் மறு முனையை ஜாக்கின் வெளிப்பக்கத்திலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். இந்தக் கிட்டார்களில் அந்த வயர் அறுந்திருப்பது சகஜம், சிலவற்றில் ஆரம்பத்திலிருந்தே இருக்காது. அப்படியானால் தந்தியைத் தொட்டாலும் உறுமல் குறையாது. பாட்டின் முதுகிலிருந்து பிரிட்ஜ் அல்லது ட்ரெமலோ தகட்டின் அடிக்கு ஒரு வயர் இழுத்துவிட்டால் போதும். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்பதால் கொஞ்சம் உறுமல் எப்படியும் இருக்கும், அதோடு வாழப் பழகுங்கள்.

மங்கலாக, வெடிப்பு விட்டிருக்கும் சால்டர் புள்ளிகளைப் புது சால்டர் துளி சேர்த்து மறுபடி உருக்குங்கள். பாட்டின் முதுகு சூட்டை உறிஞ்சும், 40 வாட் அயர்ன் வேண்டும். அந்தக் கால சால்டரில் ஈயம் உண்டு. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டோன் கண்டன்சரை மாற்றினால் சத்தம் மாறும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். உடையாதவரை அது அங்கேயே இருக்கட்டும். பாட்டை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், பழைய தண்டு 6 மி.மீ.தானா என்று அளந்து அதே அளவில் வாங்குங்கள். அமெரிக்க அளவு பாட்டுக்கு பிக்கார்டு துளை பெரும்பாலும் சிறியது.

ஜாக், சுவிட்ச், பாட் எல்லாம் சரியாக இருந்தும் பிக்கப்பில் ஓம் காட்டவில்லை என்றால்தான் சுருள் அறுந்திருக்கிறது. அப்போதும் அறுவது அநேகமாக வெளி வயரும் முடியை விட மெல்லிய சுருள் கம்பியும் சேரும் புள்ளியில்தான். மூடியின் மடிப்பு நாக்குகளை மெதுவாக நிமிர்த்தித் திறந்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். நுனி தெரிந்தால் அதன் எனாமலைச் சுரண்டிச் சால்டர் வைக்கலாம். தெரியவில்லை என்றால் சுருளைத் தோண்டாமல் ரீவைண்டிங் செய்பவரிடம் கொடுங்கள். அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் இந்த டெய்ஸ்கோ தங்கத் தாள் பிக்கப்பைப் பொருத்தியதிலிருந்து இதற்காகவே முழுக் கிட்டாரையும் வாங்கிப் பிரித்துப்போடும் கூட்டம் உண்டு. நல்ல நெக் உள்ள கிட்டாரை அப்படிக் கொல்வது எனக்குச் சம்மதமில்லை.

நெக் மூட்டு

கிட்டார் வாசிக்கத் தகுந்ததா இல்லையா என்பதை இந்த இடம்தான் தீர்மானிக்கிறது. தந்தி ஃபிரெட்போர்டிலிருந்து எட்டாத உயரத்தில் நிற்கிறது, பிரிட்ஜைக் கடைசி மரை வரை இறக்கியாயிற்று, இனி இறங்காது. இந்தப் புகாரை நெக் வளைவு என்று நினைத்துப் பலர் கிட்டாரையே ஒதுக்கிவிடுகிறார்கள்.

முதலில் வளைவை அளந்துவிடுங்கள். சுருதி சேர்த்த ஆறாவது தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், தந்தியே ஒரு நேர்கோட்டு அளவுகோல். ஏழாவது ஃபிரெட்டின் மேல் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருந்தால் நெக்கில் குறை இல்லை. அதைவிட அதிகம் என்றால், திருகும் ராடு உள்ள கிட்டாரில் கால் சுற்று இறுக்கி, ஒரு நாள் விட்டு மறுபடி அளங்கள். ராடு இல்லாததில் மெல்லிய தந்தி போட்டு இழுவிசையைக் குறைப்பதுதான் முதல் வழி. அதிலும் அடங்காத வளைவைச் சூடு வைத்து அழுத்தி நிமிர்த்துவது அனுபவமுள்ள கிட்டார் ரிப்பேர்காரரின் வேலை.

வளைவு சரியாக இருந்தும் தந்தி உயரம் என்றால் குற்றவாளி நெக்கின் சாய்வு. நாலு திருகையும் கழற்றி நெக்கை எடுங்கள். குழிக்குள் படிந்த பழைய பூச்சுக் கட்டி, மரத்தூள், யாரோ எப்போதோ சொருகிய தீப்பெட்டி அட்டை எல்லாவற்றையும் சுத்தம் செய்யுங்கள். சில நேரம் அதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் விசிட்டிங் கார்டில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, குழியின் உள்முனையில், அதாவது பிரிட்ஜ் பக்கம் இருக்கும் முனையில் வைத்து நெக்கைத் திரும்ப மாட்டுங்கள். தலை பின்னால் சாயும், தந்தி இறங்கும். கார்டின் தடிமன் 0.3 மி.மீ.தான். ஆனால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தி அரை மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதைப் பார்ப்பீர்கள். எதிர்ப்பக்கத்தில் வைத்துவிட்டால் தந்தி இன்னும் ஏறும். அட்டை நசுங்குமே என்று தோன்றினால், கணக்குச் சரியானதும் அதே தடிமனில் மர வெனீர் துண்டு போட்டுக்கொள்ளலாம்.

திருகு பிடிக்காமல் சும்மா சுற்றுகிறதா? மூங்கில் பல்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துத் துளையில் நெருக்கி அடைத்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மேலே தட்டையாக வெட்டி, மெல்லிய துளை போட்டுத் திருகுங்கள். திருகு முனையில் கொஞ்சம் மெழுகு தடவினால் சுலபமாக இறங்கும்.

ஃபிரெட்

இந்தக் கிட்டார்களில் நட்டை (தலைப் பக்கம் தந்திகள் பள்ளத்தில் செல்லும் சிறு துண்டு) ஒட்டி ‘ஜீரோ ஃபிரெட்’ ஒன்று இருக்கும். தந்தி உட்கார்வது அதன் மேல்தான். நட் வெறுமனே இடைவெளி காக்கிறது. அதனால் நட்டை அரத்தால் அராவி உயரத்தைக் குறைக்கப் பார்ப்பது வீண். ஜீரோ ஃபிரெட்டில் எப்போதும் தந்தி அழுந்திக்கொண்டே இருப்பதால் முதலில் தேய்வதும் அதுதான். விரல் நகத்தை அதன் மேல் ஓட்டுங்கள், ஆறு இடத்திலும் பள்ளம் தட்டுப்படும். பள்ளம் ஆழமாகி, வெறும் தந்தியை மீட்டினாலே முதல் ஃபிரெட்டில் ‘ஜிர்ர்’ என்றால், அந்த ஒரு ஃபிரெட்டை மட்டும் மாற்றினால் போதும். மற்றவற்றை விட நூலளவு உயரமானதாகப் போடுங்கள்.

மற்றவற்றைச் சோதிக்க ஏடிஎம் கார்டின் ஓரம் போதும். மூன்று ஃபிரெட்டின் மேல் நிமிர்த்தி வையுங்கள். ஆடினால் நடு ஃபிரெட் உயரம். அரம் எடுக்கும் முன் அந்த ஃபிரெட் கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள். கிளம்பியிருந்தால் ஓரத்தில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, மரக்கட்டை வைத்து கிளாம்பில் அழுத்துங்கள். அதற்குப் பிறகும் உயரமாக இருந்தால் மட்டும், ஃபிரெட்போர்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, ஃபிரெட் உச்சியில் மார்க்கரால் கறுப்புப் பூசி, தட்டை அரத்தால் லேசாக. இந்தக் காலத்து ஃபிரெட்கள் ஏற்கெனவே குள்ளம், அராவ அதிகம் உலோகம் இல்லை. தட்டையான உச்சியை மறுபடி வளைத்து உருட்டி, 1000, 2000 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து முடியுங்கள். மரம் காய்ந்து சுருங்கியதால் ஃபிரெட் நுனிகள் ஓரத்தில் கையைக் கீறினால் அதையும் இப்போதே அராவிவிடுங்கள்.

பிரிட்ஜும் தந்தியும்

ஜீரோ ஃபிரெட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். பிரிட்ஜ் கிட்டத்தட்ட அந்தத் தூரத்தில், தடித்த தந்திப் பக்கம் கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்க வேண்டும். நகரும் பிரிட்ஜ் என்றால் இடத்தைக் கண்டுபிடித்ததும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நுண்ணிய சரிசெய்தலுக்கு ட்யூனர் ஆப் போதும். பன்னிரண்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜைப் பின்னால், இறங்கியிருந்தால் முன்னால்.

எவ்வளவு செய்தும் மூன்றாவது தந்தி மட்டும் சுருதி சேராமல் படுத்தும். கிட்டாரில் கோளாறு இல்லை. அறுபதுகளில் மூன்றாவது தந்தி சுற்றுக் கம்பியாக இருந்தது. இந்த பிரிட்ஜ்களின் படிகள் அதற்கென்றே வெட்டியவை. இன்றைய செட்டில் வரும் வெறும் கம்பியைப் போட்டால் அழுத்தும்போது சுருதி ஏறிவிடும். ‘வூண்ட் ஜி’ உள்ள 11 நம்பர் செட் கேட்டு வாங்கிப் போடுங்கள். ராடு இல்லாத நெக் அந்த இழுவையைத் தாங்காது என்று தோன்றினால் 10 நம்பர் செட்டில் மூன்றாவதை மட்டும் சுற்றுக் கம்பியாகத் தனியாக வாங்கி மாற்றுங்கள்.

ட்ரெமலோ சுருதியைக் கெடுக்கும், அதைப் பற்றி அதிக நம்பிக்கை வேண்டாம். அச்சில் ஒரு சொட்டு எண்ணெய், நட் பள்ளங்களில் பென்சில் கரி. அப்படியும் அடங்காவிட்டால் அடியில் ஒரு மரத்துண்டு வைத்து அசையாமல் நிறுத்திவிட்டு நிம்மதியாக வாசியுங்கள்.

தந்தி உயரம் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தடித்த பக்கம் 2.2, மெல்லிய பக்கம் 1.8 மி.மீ. கிடைத்தால் அதோடு திருப்தி அடையலாம். புதுக் கிட்டார் அளவுக்கு இறக்கப் போனால் எங்காவது ‘ஜிர்ர்’ கேட்கும். ஒரு வாரம் வாசித்த பிறகு நெக் புது இழுவைக்குப் பழகியிருக்கும். அப்போது வளைவையும் சுருதியையும் இன்னொரு தடவை அளங்கள், நெக் திருகு நாலையும் தொட்டுப் பார்த்து இறுக்குங்கள். மாற்றிய பழைய பாகங்களைப் பைக்குள் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி, கிட்டார் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். அடுத்து வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.